கையை நிறுத்தினால்தான் பாடம்

காது கேளாத பிள்ளைகளுக்கு லேத் சொல்லிக்கொடுத்தே என் உத்தியோக காலம் முழுவதும் போனது. பிள்ளையைச் சேர்க்க வரும் அம்மாக்கள் ஒரே குரலில் சொல்வார்கள்: "மெஷின் பக்கம் மட்டும் விடாதீங்க சார். சத்தம் கேக்காம கையக் குடுத்துட்டான்னா?" நியாயமான பயம்தான். ஆனால், பட்டறையில் அதிகம் அதட்ட வேண்டியிருப்பது பேச்சுச் சுவாரசியத்தில் வேலை பார்க்கிறவர்களை. சைகையில் பேசுகிறவன் மெஷினிலிருந்து கையை எடுத்தால்தான் பேசவே முடியும்.

டர்னர்களுக்குப் பாதி வேலை காதில் நடக்கும். டூல் மழுங்கினால் சத்தம் மாறும், ஜாப் அதிர்ந்தால் கிறீச்சிடும். எங்கள் பையன்களுக்கு அது ஹேண்ட் வீலைப் பிடித்திருக்கும் விரலில் தெரியும். சீவி விழும் இரும்புச் சுருளில் நீலம் பாய்ந்தால், சூடு ஏறிவிட்டதென்று ஸ்பீடைக் குறைத்துவிடுவார்கள்.

சிரமமெல்லாம் வாத்தியாருக்குத்தான். செய்துகொண்டே விளக்க முடியாது. என் கையைப் பார்க்கும் கண்ணால் சைகையையும் பார்க்க எப்படி முடியும்? சொல்லி நிறுத்தி, செய்து நிறுத்தி, மறுபடி சொல்ல வேண்டும். அடுத்தது, சைகைக்குப் பஞ்சம். டெல்லியிலுள்ள இந்திய சைகை மொழி ஆராய்ச்சி மையம் 2021-இல் 10,000 சொற்களுக்கு அகராதி கொண்டுவந்தது. அதற்கு முன்பு 'சக்', 'மரை', 'டாலரன்ஸ்' எல்லாவற்றுக்கும் வகுப்பே கூடிச் சைகை கட்டும். ஒரு பள்ளிப் பையனின் சைகை இன்னொரு பள்ளிப் பையனுக்குப் புரியாது. அந்தப் பஞ்சாயத்தில் ஒரு வாரம் ஓடிவிடும்.

இவர்களால் நுட்பமான வேலை ஆகுமா என்று கேட்பவர்களுக்குக் காட்பாடியைச் சொல்வேன். தொழுநோயிலிருந்து குணமானவர்களுக்காக 1963-இல் ஸ்வீடன் செஞ்சிலுவைச் சங்கம் அங்கே தொடங்கிய பட்டறைதான் இன்றைய வொர்த் டிரஸ்ட். பார்வையற்றோர் தட்டெழுதும் பெர்கின்ஸ் பிரெய்லர் இயந்திரங்கள் அங்கே தயாராகின்றன. மாற்றுத்திறனாளிகளின் கை பட்டு வெளிவருபவை அவை.

பயிற்சி முடித்துப் போன பையன் சில மாதங்களில் திரும்பி வந்து நிற்பதுண்டு. வேலை வராமல் அல்ல. ஷிப்ட் மாறியதை யாரும் எழுதிக் காட்டவில்லை, மீட்டிங்கில் என்ன பேசினார்கள் என்று சொல்ல ஆளில்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அரசு வேலையில் மாற்றுத்திறனாளிகளுக்கு 4 சதவீதம் ஒதுக்குகிறது. அதில் 1 சதவீதம் காது கேளாதோருக்கும் செவித்திறன் குறைந்தோருக்கும். தனியார் கம்பெனிகளுக்கு அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை. 5 சதவீதம் பேரையாவது எடுத்தால் ஊக்கத்தொகை என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது.

ஆகவே பட்டறை வைத்திருப்பவர்களிடம் என் வேண்டுகோள் சிறியது. அபாய மணியோடு ஒரு சிவப்பு விளக்கையும் மாட்டுங்கள். மெஷினுக்குப் பக்கத்தில் ஒரு எழுதுபலகை வையுங்கள். சூப்பர்வைசர் ஒருவரைச் சைகை படிக்க அனுப்புங்கள். தொழிலை நாங்கள் சொல்லிக்கொடுத்தே அனுப்புகிறோம்.