உன் வீட்டில் என்ன இருக்கிறது?

தியானப் பகுதி: 2 இராஜாக்கள் 4:1-7



கடந்த ஆண்டு விடுமுறை வேதாகமப் பள்ளியில் நம் பிள்ளைகள் செய்த பாம்பன் பாலத்தின் மாதிரி இன்னும் ஆலயத்தின் பின்னறையில், மேசையின்மேல் இருக்கிறது. அதைக் கண்டு பாராட்டியவர்கள் அநேகர். அது எவ்வாறு உருவாயிற்று என்பதை அறிந்தவர்கள் சிலரே. அந்த நாட்களில் கர்த்தர் எனக்குக் கற்பித்த ஒரு பாடத்தை, சற்று வெட்கத்தோடுதான், இந்த வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

2025 ஏப்ரல் 6 அன்று புதிய பாலம் திறக்கப்பட்டது. ஆனால் பிள்ளைகள் செய்ய விரும்பியதோ பழைய பாலத்தை. 1914இல் திறக்கப்பட்டு, 2022 டிசம்பர் வரை ரயிலைச் சுமந்த பாலம் அது. கப்பல் வரும்போது நடுப்பகுதி இரண்டாகப் பிரிந்து, இரு கைகளைப் போல வானை நோக்கி உயர்வதை அவர்கள் தங்கள் தாத்தாக்களோடு நின்று பார்த்திருக்கிறார்கள். கணக்கிட்டுப் பார்த்தோம். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான பாலத்தை நூற்றில் ஒரு பங்காகச் செய்தாலும் இருபது மீட்டர் வரும். நம் ஆலயத்திற்குள் அடங்காது. ஆகவே திறக்கும் நடுப்பகுதியும், இருபுறமும் ஐந்தைந்து கண்களும் போதும் என்று தீர்மானித்தோம்.

நான் உடனே ஒரு பட்டியல் எழுதினேன். ஒட்டிய துண்டுகளை இறுக்கிப் பிடிக்கும் சிறு கருவிகள், நுண்ணிய கத்திகள், இடுக்கிகள், அளவுச்சட்டங்கள். விலையைக் கூட்டிப் பார்த்தபோது, பிள்ளைகளின் சிற்றுண்டிக்கு வைத்திருந்த பணமும் அதில் போய்விடும் என்று தெரிந்தது. பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, “இந்த ஆண்டு வேண்டாம், வரும் ஆண்டு பார்ப்போம்” என்று சொல்லிவிட்டேன்.

அப்போது தம் பேத்தியை அழைத்துச் செல்ல வந்திருந்த ஒரு சகோதரர் வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். விசைப்படகில் வலை இழுக்கும் கயிற்றில் சிக்கி அவருடைய வலது கை சிதைந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அதன்பின் அவர் கடலுக்குப் போகவில்லை. ஆலயத்தில் கடைசி வரிசையில் அமர்வார். ஆசீர்வாதம் கூறி முடிப்பதற்குள் எழுந்து போய்விடுவார். அவர் பெயரை ஒவ்வொரு ஞாயிறும் நான் ஜெபத்தில் சொல்லி வந்தேன்.

“ஐயா, துணி காயப்போடுற கிளிப்பு இல்லாத வீடு இருக்கா?” என்று மட்டும் கேட்டார்.

மறுநாள் காலையில் பிள்ளைகள் ஒவ்வொருவரும் வீட்டிலிருந்து கையில் அகப்பட்டதைக் கொண்டுவந்தார்கள். அந்த மேசையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஃபெவிகால் தடவிய இரண்டு குச்சிகளை அது காயும்வரை பிடித்துக்கொள்ளத் துணிக் கிளிப்புகள். கிளிப்பின் வாய்க்கு அகப்படாத பெரிய துண்டுகளுக்கு ரப்பர் பட்டைகள். தளத்தை வளையாமல் அழுத்தி வைக்க ஒரு கிலோ உப்புப் பொட்டலங்கள். மூலை சரியாக நிற்கிறதா என்று பார்க்கத் தீப்பெட்டி. ஈர்க்கையும் பல்குத்தும் குச்சியையும் பிசிறில்லாமல் நறுக்க நகவெட்டி. நுனியில் பசை தொட்டு வைக்க இன்னோர் ஈர்க்கு. எட்டாத இடுக்கில் பசையைச் செலுத்த, மருந்துக்கு வாங்கிய ஊசியில்லாத சிரிஞ்சு. வழிந்த பசையை ஈரம் காயுமுன் துடைக்கப் பழைய பல்துலக்கி. வண்ணங்களைக் குழிக்கு ஒன்றாகக் கரைக்க ஒரு பாட்டி கொடுத்தனுப்பிய பழைய இட்லித் தட்டு. வேலை செய்யும் காகிதத்தில் பாலம் ஒட்டிக்கொள்ளாதிருக்க, நம் ஆலயத்தில் எரிந்து மீந்த மெழுகுவர்த்தித் துண்டை அக்காகிதத்தின்மேல் தேய்க்கச் சொன்னார் அந்தச் சகோதரர்.

பழைய பாலத்தின் கண் ஒவ்வொன்றும் ஏறத்தாழ நாற்பது அடி. நம் அளவுக்கு அது பன்னிரண்டு சென்டிமீட்டர். ஒரு ஐஸ்கிரீம் குச்சியின் நீளத்திற்குச் சற்றே கூடுதல். நடுப்பகுதி உயர்வதற்கு அவர் வலை பின்னும் நைலான் நூலைக் கட்டி, தீர்ந்துபோன நூற்கட்டையில் சுற்றி, அதற்குள் ஒரு பென்சிலைச் செருகினார். பென்சிலைத் திருகினால் பாலம் திறந்தது. மெய்யான பாலத்தையும் பணியாளர்கள் தங்கள் கைகளால் சுற்றியே திறந்தார்கள். இடக்கையால் அவர் முடிச்சுப் போட்டதைப் பிள்ளைகள் மூச்சடக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள் மாலையில், எல்லாரும் போனபின், கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே அவர் சொன்னார்: “எல்லாரும் எனக்காக ஜெபம் பண்றாங்க ஐயா. என்கிட்ட யாரும் எதுவும் கேட்கிறதில்ல.”

அவர் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

பிரியமானவர்களே, எலிசாவிடம் வந்த விதவையை நினைத்துப் பாருங்கள். கணவன் இறந்துவிட்டான், கடன்காரன் இரண்டு பிள்ளைகளையும் அடிமைகளாகக் கொண்டுபோகக் காத்திருக்கிறான். தீர்க்கதரிசி அவளிடம் வீட்டில் இருப்பது எது என்று விசாரிக்கிறார். அவள் முதலில் ஒன்றுமில்லை என்கிறாள். பிறகுதான் ஒரு குடம் எண்ணெய் நினைவுக்கு வருகிறது. அந்த எண்ணெயைக் குறித்து நான் பலமுறை பிரசங்கித்திருக்கிறேன். அயல்வீடுகளின் பாத்திரங்களைக் குறித்து ஒருமுறையும் பிரசங்கித்ததில்லை. எலிசா அவளை அனுப்பிக் கேட்டு வாங்கச் சொன்னவை வெறும் பாத்திரங்கள். நிறைந்த பாத்திரத்தால் அன்று பயன் ஏதுமில்லை. ஒன்றும் இல்லாமல் மூலையில் கிடந்தவையே தேவைப்பட்டன. கடைசிப் பாத்திரமும் நிறைந்த பின்னரே எண்ணெய் நின்றது. இன்னும் ஒரு வெறும் பாத்திரம் இருந்திருந்தால், அதுவும் நிறைந்திருக்கும்.

நம் சபையில் வெறுமையாய்க் கிடப்பதாக நான் எண்ணிய ஒரு பாத்திரத்திற்காக ஜெபித்தேன். அதைக் கேட்டு வாங்கவோ எனக்குத் தோன்றவில்லை. அவருடைய காயத்தைக் கண்டேன். முப்பது ஆண்டுகள் கடலில் பழகிய அறிவு அவருக்குள் இருப்பதைக் காணவில்லை. இரக்கம் என்று நான் நினைத்திருந்ததில் ஒரு புறக்கணிப்பும் கலந்திருந்தது. இதை உங்கள் முன்பாக அறிக்கையிடுகிறேன்.

நம் பாலமே இதற்குச் சாட்சி. 1964 டிசம்பர் 22 இரவில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பயணிகளோடு ரயிலையும் விழுங்கியது. பாலத்தின் 126 இரும்புத் தூலங்களைக் கடலில் தள்ளியது. சீர்செய்ய ஆறு மாதம் ஆகும் என்று ரயில்வே கருதியது. பொறுப்பேற்ற பொறியாளர் ஈ. ஸ்ரீதரனுக்கு அப்போது வயது 32. தொலைவிலிருந்து புதிய தூலங்கள் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. கடலுக்குள் விழுந்துகிடந்த தூலங்களையே தூக்கியெடுத்து மீண்டும் பொருத்தினார்கள். அவை கிடந்த இடத்தைக் காட்டியவர் ஒரு மீனவர் என்று சொல்வதுண்டு. 46 நாட்களில் வேலை முடிந்தது. மூழ்கிப்போனது என்று கணக்கில் கழிக்கப்பட்ட இரும்பே மறுபடியும் ரயிலைச் சுமந்தது.

இன்னொன்றையும் கவனித்தேன். முடிந்த மாதிரியில் துணிக் கிளிப்பு ஒன்றும் இல்லை. பசை காயும்வரை பிடித்திருந்தது; காய்ந்தபின் கழற்றப்பட்டு, மறுபடியும் கொடியில் துணியைப் பிடிக்கப் போய்விட்டது. அது பிடிக்காதிருந்தால் பாலம் இல்லை. உங்களில் சிலர் நோயாளியான கணவரை, வழிதப்பிய மகனை, பிரிய நினைத்த ஒரு குடும்பத்தை இவ்வாறே ஆண்டுக்கணக்காய்ப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அது ஒருவர் கண்ணிலும் படுவதில்லை. கர்த்தர் அதைக் காண்கிறார்.

அந்தச் சகோதரரின் கை இன்னும் குணமாகவில்லை. அதற்காக ஜெபிப்பதை நான் நிறுத்தவுமில்லை. ஆனால் இப்போது சனிக்கிழமை மாலைகளில் பின்னறை அவருடையது. பிள்ளைகள் ஒரு நாட்டுப்படகு செய்துகொண்டிருக்கிறார்கள். ஞாயிறுகளில் ஆசீர்வாதம் முடியும்வரை அவர் இருக்கிறார்.

இந்த வாரம் உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். நீங்கள் யாருக்காக இரக்கத்தோடு ஜெபித்து வருகிறீர்களோ, அவர்களில் ஒருவரிடம் போய் ஒரு சிறு உதவி கேளுங்கள். உங்களுக்கு மெய்யாகவே தேவையானதாக அது இருக்கட்டும்.

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, எங்கள் வீட்டிலும் சபையிலும் நீர் வைத்திருப்பவற்றைக் காணாமல், இல்லாதவற்றையே எண்ணிக்கொண்டிருந்த எங்களை மன்னியும். ஒதுங்கி அமர்ந்திருப்பவர்களின் கைகளை நாடிப் போகும் தாழ்மையை எங்களுக்குத் தாரும். ஒருவரும் காணாமல் தாங்கிப் பிடித்திருக்கிறவர்களை நீரே தாங்கும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் வேண்டுகிறோம். ஆமென்.