தாம்பரமும் டாம்பரமும்

நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடை விடுமுறையில் பக்கத்துப் போர்ஷனுக்கு ஒரு விமானப்படைக் குடும்பம் குடிவந்தது. சேலையூரில் அது வழக்கம்தான். டிரங்குப் பெட்டிகளோடு வருவார்கள், இரண்டு மூன்று வருடத்தில் மாற்றலாகிப் போய்விடுவார்கள். அந்த வீட்டுப் பையனுக்கு என் வயது. வந்த அன்று சாயங்காலம் கிணற்றடியில் நின்று, "டாம்பரம் ஸ்டேஷன் எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டான். அப்படி ஓர் ஊரை நான் கேள்விப்பட்டதே இல்லை. துணி உலர்த்திக்கொண்டிருந்த பாட்டிதான், "நம்ம தாம்பரத்தத்தான்டா கேக்கறான் புள்ள" என்றாள்.

அதற்கு முன்பு ஊர்ப்பெயரை நான் காதுகொடுத்துக் கேட்டதே இல்லை என்று தோன்றுகிறது. பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் "தாம்ப்ரம் தாம்ப்ரம்" என்று ஓர் அகரத்தை விழுங்கிக் கூவுவார். எங்களுக்கு அது போதும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா எங்கள் இருவரையும் மீட்டர் கேஜ் மின்சார ரயிலில் பீச் வரைக்கும் அழைத்துப் போவார். 1931இல் மின்மயமான பாதை அது. பையன் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு பெயர்ப்பலகையையும் ஆங்கிலத்தில் படிப்பான். குரோம்பேட்டை அவனுக்கு வெல்லமாக வந்தது. வராமல் என்ன செய்யும்? குரோம் லெதர் தொழிற்சாலையால் வந்த பெயர். பேட்டை மட்டுந்தான் நம்முடையது. பல்லாவரத்தையும் ஒருவாறு கடந்துவிடுவான். பழவந்தாங்கலில் வந்து மாட்டிக்கொள்வான். இசட்டையும் எச்சையும் பார்த்துவிட்டு, இருமலும் தும்மலும் கலந்த மாதிரி ஏதோ சொல்வான். நாக்கை மேலே மடி, எங்கேயும் ஒட்டாமல் நிறுத்து என்று நான் வாயைத் திறந்து காட்டுவேன். வரவே இல்லை. அப்பா அவனுக்குத் தாங்கல் என்றால் என்னவென்று சொன்னார். மழைநீரைத் தாங்கி வைக்கும் சிறிய ஏரி. ரயிலில் போய்க்கொண்டே இரண்டு பக்கமும் ஏரியைத் தேடினோம். வீடுகள்தான் தெரிந்தன.

சானடோரியம் என்ற பெயரை அவன் எங்களைவிட அழகாகச் சொன்னான். பாட்டிக்கு அது கடைசிவரை 'சானிட்டோரி'. அந்த நிலையம் வந்தால் குரலைத் தாழ்த்திக்கொள்வாள். 1928இல் டாக்டர் சௌரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய மருத்துவமனையின் பெயர்தான் நிலையத்துக்கும் வந்தது. நோய்க்கு மருந்து வந்த பிறகும் பெயர்மேல் இருந்த பயம் போகவில்லை. அந்தப் பக்கம் குடியிருந்த எங்கள் உறவினர் ஒருவர், பெண் பார்க்க வருகிறவர்களிடம் "தாம்பரத்துக்குப் பக்கத்துல" என்று மட்டும்தான் சொல்வார்.

தப்பாகச் சொன்னது அவன் மட்டும் இல்லை. எங்களுக்கு அடுத்த ஊர் ராஜகீழ்ப்பாக்கம். ஆங்கிலப் பலகையைப் படித்துப் படித்து நாங்களே 'ராஜகில்பாக்கம்' ஆக்கிவிட்டோம். கீழ்ப் பாக்கம் எப்படிக் கில்பாக்கம் ஆகும் என்று அப்பா கோபித்துக்கொள்வார். இன்றைக்கும் ஷேர் ஆட்டோவில் யாராவது அப்படிச் சொன்னால் எனக்கு வலிக்கிறது. கீழ் என்ற திசையே அந்தப் பெயரிலிருந்து போய்விட்டது.

ஒருநாள் தாம்பரம் நடைமேடையில் அவன் திடீரென்று நின்றான். மஞ்சள் பலகையில் ஆங்கிலத்தை விட்டுவிட்டு இந்தி வரியைப் படித்தான். "தாம்பரம்!" எந்தக் குறையும் இல்லாமல், பாட்டி சொல்கிற அதே தாம்பரம். ஆங்கிலத்தில் தகரத்துக்கும் டகரத்துக்கும் ஒரே எழுத்து. அவனுடைய எழுத்தில் இரண்டும் தனித்தனி. அப்பா வெகுநேரம் பேசவில்லை. 1950களில் ரயில் நிலையங்களில் இந்தி எழுத்தின்மேல் தார் பூசியவர்களை வியந்து பார்த்த தலைமுறை அவருடையது. பிறகு அவன் தோளில் தட்டி, "அப்படித்தாம்ப்பா" என்றார்.

2020 ஜூனில் தமிழ்நாடு அரசு 1018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் ஒலிப்புக்கு ஏற்ப மாற்றி ஆணை வெளியிட்டபோது எனக்கு அந்த நடைமேடைதான் நினைவுக்கு வந்தது. சில நாட்களில் ஆணையைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். குறைகளைத் திருத்தி மறுபடி கொண்டுவருவார்கள் என்று வெகுநாள் காத்திருந்தேன்.

அந்தப் பையனின் ஊர் ஜான்சி. ஜான்சி ராணியைப் பாடத்தில் படித்திருந்ததால் எனக்குத் தெரியும் என்று பெருமையாகச் சொன்னேன். அவன் தலையாட்டினான். ஜகரத்தோடு மூச்சும் சேர்ந்து வரவேண்டுமாம். நடுவில் வரும் 'ன்' மூக்கில் மட்டும் ஒலிக்க வேண்டுமாம். என் உள்ளங்கையைத் தன் வாய்க்கு முன்னால் பிடித்துக்கொண்டு சொன்னான். காற்று பட்டது. நான் சொன்னபோது படவில்லை.

மாற்றல் வந்து ஜி.டி. எக்ஸ்பிரஸில் போனார்கள். பல வருடம் கழித்து அதே ரயிலில் டெல்லி போனேன். விடியாத நேரத்தில் ஜான்சியில் வண்டி நின்றது. கதவருகே போய் மஞ்சள் பலகையைப் பார்த்தேன். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து மெதுவாகச் சொல்லிப் பார்த்தேன்.