எங்கே வைப்பது?

ஒரு வீட்டின் வசதியை அறிய விரும்புவோர் அதன் கூடத்தில் அமர்ந்தால் போதும். அதன் ஒழுங்கை அறிய விரும்புவோர் களஞ்சிய அறைக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். அவ்வீட்டாரின் மனச்சான்றை அறிய விரும்புவோரோ கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு குப்பைக்குழி வரை நடந்தே ஆகவேண்டும். அக்குழி தம் வேலிக்கு உள்ளே இருக்கிறதா, அடுத்தவர் வேலியோரம் இருக்கிறதா என்பது பல செய்திகளைச் சொல்லிவிடும். இவ்வுண்மையை எனக்கு அண்மையில் அழுத்தமாக எடுத்துரைத்தது ஒரு கணிப்பொறி விளையாட்டு என்றால் அன்பர்கள் வியப்படையக்கூடும்.

நான் பணிக்காலம் முழுவதும் நெல் கிடங்குகளில் இருப்புக் கணக்கு எழுதியவன். முன்னே வந்த மூட்டை முன்னே வெளியேற வேண்டும். தரையில் கட்டை பரப்பாமல் அட்டி போடலாகாது. சுவருக்கும் அட்டிக்கும் இடையே ஆள் நடக்க வழி விட வேண்டும். இவை என் இளமையின் மனப்பாடங்கள். கல்லூரியில் பயிலும் என் பேரன் விடுமுறைக்கு வந்திருந்தபோது, "தாத்தா, இந்த விளையாட்டில் பாதி வேலை உங்கள் கிடங்கு வேலைதான், வந்து பாருங்கள்" என்று அழைத்தான். பார்த்தேன். பழைய தொழில் புதிய உருவில் எதிரே நின்றது. இன்று வரை நாங்கள் இருவரும் சேர்ந்தே அதனை ஆடி வருகிறோம்.

விளையாட்டின் பெயர் ரிம்வேர்ல்டு. டைனன் சில்வெஸ்டர் என்பவர் வடிவமைத்தது. கனடா நாட்டின் லுடியான் ஸ்டூடியோஸ் என்னும் நிறுவனம் வெளியிட்டது. 2013-ஆம் ஆண்டிலேயே மக்கள் பார்வைக்கு வந்து, 2018 அக்டோபரில் முழு வடிவம் பெற்றது. விண்கலம் ஒன்று உடைந்து விழ, அறியாத கோள் ஒன்றில் மூவர் உயிர் பிழைத்து நிற்கின்றனர். அவர்களுக்கு உணவு, உறையுள், மருந்து ஆகியவற்றைத் தேடித் தந்து, ஒரு குடியேற்றத்தை எழுப்புவதே ஆடுபவரின் பணி. அங்கே ஆண்டுக்கு 60 நாள்கள். விதைப்பும் அறுவடையும், கோடையும் பனியும், நோயும் கொள்ளையரும் அந்த 60 நாள்களுக்குள் வந்து போகின்றன.

முதல் நாளிலேயே எழும் கேள்வி, 'எங்கே வைப்பது?' என்பதுதான். கூரையில்லாத இடத்தில் கிடக்கும் ஆடைகளும் ஆயுதங்களும் நாளுக்கு நாள் நைந்து போகின்றன. வெளியில் வைத்த இறைச்சி இரண்டே நாளில் கெட்டுவிடும். சமைத்த எளிய உணவு நான்கு நாள் தாங்கும். அரிசி 40 நாள், மக்காச்சோளம் 60 நாள். எனவே தரையில் எல்லை வகுத்து, இன்ன பொருள் இன்ன இடத்தில் என்று விதிக்க வேண்டும். ஒவ்வோர் இருப்பிடத்துக்கும் ஐந்து படிநிலைகளில் ஒன்றைத் தரலாம். படிநிலை உயர்ந்த இடத்துக்கே பொருள் முதலில் சென்று சேரும். சமையலறைக்கு அருகில் அரிசியும், மருத்துவ அறைக்கு அருகில் மருந்தும் இருந்தால் ஆள்களின் நடை குறையும். நடை குறைந்தால் நாள் நீளும். இதனை நான் கிடங்கில் முப்பது ஆண்டுகளில் கற்றேன். என் பேரன் முப்பது நிமிடங்களில் கற்றுவிட்டான்.

அடுத்து வருவது குளிர் அறை. உறைநிலைக்குக் கீழே வெப்பத்தை இறக்கிவிட்டால் இறைச்சியும் உணவும் கெடாமல் இருக்கும். ஆனால் இதற்கொரு விலை உண்டு. குளிரூட்டும் கருவி ஒரு பக்கம் குளிரைத் தந்தால் மறு பக்கம் வெப்பத்தைக் கக்குகிறது. கக்கும் பக்கத்தைப் படுக்கையறைக்குள் திருப்பி வைத்தால் அங்கே உறங்குபவர் வெந்து போவார். ஒரு சுவருக்கு இப்பால் கிடைக்கும் நன்மை, அப்பால் எவரோ சுமக்கும் தீமையாகி விடுகிறது. கழிவு என்னும் பொருளைப் பற்றி இவ்விளையாட்டு தரும் முதற்பாடம் இதுவே எனலாம்.

இரண்டாம் பாடம் இதனினும் இனிமையானது. மலையைக் குடையும்போது பாறைத் துண்டுகள் சிதறுகின்றன. வழியை அடைக்கின்றன, வயலில் கிடந்து பயிருக்கு இடமில்லாமல் செய்கின்றன. ஓரமாக ஓர் இடத்தைக் குறித்து அங்கே கொண்டுபோய்க் கொட்டச் செய்கிறோம். பின்னர், கல் தச்சர் மேடை ஒன்றை அமைத்தால் ஒவ்வொரு துண்டிலிருந்தும் இருபது கட்டுமானக் கற்கள் கிடைக்கின்றன. மரச்சுவர் தீப்பற்றும், கற்சுவர் பற்றாது. நேற்று காலை இடறிய கல்லே இன்று ஊரைக் காக்கும் மதிலாகிறது. உரிய இடமும் உரிய கையும் கிடைக்கும்வரை காத்திருக்கும் பொருளுக்குத்தான் பெரும்பாலும் நாம் குப்பை என்று பெயர் சூட்டுகிறோம்.

'அப்படியானால் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொள்ளலாமே' என்று எண்ணத் தோன்றும். அங்கேதான் மூன்றாம் பாடம் காத்திருக்கிறது. இவ்விளையாட்டில் குடியேற்றத்தின் மொத்தச் செல்வம் எப்போதும் கணக்கிடப்பட்டுக் கொண்டே இருக்கிறது. களஞ்சியத்தில் உள்ள பொருளின் மதிப்பு ஏற ஏற, தாக்க வரும் கொள்ளையரின் வலிமையும் ஏறுகிறது. உண்ணாத அரிசியும் உடுத்தாத துணியும் விற்காத பொன்னும் அறைக்குள் அமைதியாக இருப்பதாகவே நமக்குத் தோன்றும். உண்மையில் அவை ஒவ்வொன்றும் கூரை மேல் ஏறி நின்று பகைவரைக் கூவி அழைத்துக் கொண்டிருக்கின்றன. தேவைக்குச் சேர்த்தால் அது காவல். தேவைக்கு மேல் சேர்த்தால் அதற்கே காவல் வேண்டும்.

இவ்வளவும் பழைய ஞானமே. என்னை உறங்கவிடாமல் செய்தது 2022 அக்டோபரில் வெளிவந்த பயோடெக் என்னும் விரிவாக்கம். அதில் குடியேற்றத்தாருக்கு இயந்திர ஊழியர்கள் கிடைக்கிறார்கள். ஒன்று மூட்டை சுமக்கும். ஒன்று வயலில் விதைத்து அறுக்கும். மற்றொன்று ஓயாமல் தரையைத் துடைத்துக்கொண்டே இருக்கும். கூலி இல்லை, உணவு இல்லை, முணுமுணுப்பு இல்லை. ஆனால் அவை ஆற்றல் ஏற்றிக்கொள்ளும்போதெல்லாம் அந்த ஏற்றுகருவிக்குள் நச்சுக் கழிவுப் பொதிகள் சேர்கின்றன. கருவி நிறைந்துவிட்டால் அவற்றை வெளியேற்றியே ஆகவேண்டும். வீட்டைத் துடைத்துப் பளபளப்பாக்கும் இயந்திரமும் இந்த நஞ்சை ஈனுகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். தூய்மைக்கும் ஒரு குப்பை உண்டு!

அப்பொதிகளை வெறுமனே வைத்திருந்தால் நாளடைவில் கரைந்து மண்ணை நஞ்சாக்கும். அம்மண்ணில் நடமாடுவோரின் உடலில் நஞ்சேறும். உறையவைத்தால் கரையாது. ஆனால் அதற்கு உணவுக்கு அமைத்தது போன்றே இன்னொரு குளிர் அறையும், அதற்கு ஓயாத மின்சாரமும் வேண்டும். சூரியப் புயல் வீசும் நாளில் மின்கருவிகள் யாவும் செயலற்றுப் போகும். அன்று சோற்றறையும் நச்சறையும் ஒருங்கே உருகத் தொடங்கும். பொதிகளை அழித்தொழிக்கும் கருவி உண்டு. அது மிகப் பிற்பட்ட காலத்தில், பெரும் முயற்சிக்குப் பின்னரே கைகூடும். எஞ்சியுள்ள வழி ஒன்றுதான்: பொதிகளை வண்டியிலோ வான்கலத்திலோ ஏற்றி, நம் எல்லைக்கு அப்பால் அனுப்பிவிடுவது. அண்டை ஊரார் சினம் கொள்வர். பழி தீர்க்கவும் வருவர். எனினும் நம் மண் தூய்மையாக இருக்கும்.

எங்கள் நச்சறை நிறைந்த நாளில் தாத்தாவுக்கும் பேரனுக்கும் வழக்கு மூண்டது. "வடக்கே இருக்கிற கொள்ளையர் ஊருக்கே அனுப்பிவிடுவோம் தாத்தா. அவர்கள் ஏற்கெனவே பகைவர்தாமே? புதிதாகக் கெடுவதற்கு என்ன உறவு இருக்கிறது?" என்றான் அவன். கணக்கின்படி அவன் சொன்னது சரி. இழப்பதற்கு நட்பு இல்லாத இடத்தில் நஞ்சைக் கொட்டுவதே மலிவு. "அந்த ஊரில் கொள்ளையடிக்க வராதவர்களும் இருப்பார்களே, தம்பி" என்றேன். "திரையில் அப்படி எவரும் இல்லையே தாத்தா" என்றான் சிரித்துக்கொண்டே. "திரையில் இல்லாதது அவர்கள் குற்றமா?" என்று கேட்டேன். அவன் சிரிப்பை நிறுத்தினான். "இது வெறும் விளையாட்டு" என்றான் மெல்ல.

அப்போது அவனுக்கு ஒரு கப்பலின் வரலாற்றைச் சொன்னேன். 1986-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்துக் குப்பையை எரித்த சாம்பல், 10,000 டன்னுக்கும் மேலாக, கியான் சீ என்னும் கப்பலில் ஏற்றப்பட்டது. இறக்குவதற்கு இடம் தேடி அக்கப்பல் நாடு நாடாக அலைந்தது. பல நாடுகள் மறுத்தன. 1988 சனவரியில் ஹெய்ட்டி நாட்டின் கொனாயிவ் நகரக் கடற்கரையில் ஏறத்தாழ 4,000 டன் சாம்பல், உரம் என்னும் பெயரில் இறக்கப்பட்டது. உண்மை வெளிப்பட்டதும் அதனைத் திரும்ப அள்ளும்படி அரசு ஆணையிட்டது. கப்பலோ நழுவிச் சென்றது. எஞ்சிய சாம்பல் கடலில் கொட்டப்பட்டது. கப்பலின் பெயரும் வழியில் இருமுறை மாற்றப்பட்டது. கொனாயிவ் கரையில் கிடந்த சாம்பல் 2000-ஆம் ஆண்டில்தான் அள்ளப்பட்டு அமெரிக்காவுக்குத் திரும்பியது. 2002-இல் பென்சில்வேனியா மாநிலத்தின் நிலத்திலேயே புதைக்கப்பட்டது. புறப்பட்ட மாநிலத்துக்கே பதினாறு ஆண்டுகள் கழித்துத் திரும்பி வந்தது அந்தக் குப்பை! இத்தகைய நிகழ்ச்சிகளின் விளைவாகவே, நாடு விட்டு நாடு செல்லும் நச்சுக் கழிவுகளைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கை 1989-இல் உருவாகி 1992-இல் நடைமுறைக்கு வந்தது.

அவன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அப்படியானால் என்ன செய்வது, சொல்லுங்கள்" என்றான். கிடங்குக்காரனுக்குத் தெரிந்த ஒரே வழியைச் சொன்னேன்: பதிவேடு எழுதுவது. ஒரு குறிப்பேட்டில் இரண்டு பத்திகள் வரைந்தோம். இடப்புறம் ஒவ்வோர் இயந்திர ஊழியனும் செய்து தரும் வேலை; வலப்புறம் அது விட்டுச் செல்லும் பொதிகள். எழுதி முடித்தபோது விடை தானாகவே தெரிந்தது. சுமப்பவனையும் உழுபவனையும் வைத்துக்கொண்டோம். துடைப்பவனுக்கு விடை கொடுத்தோம். வேறு இருவரையும் நிறுத்தினோம். மலையைக் குடைந்து, தடித்த கற்சுவருடன் நச்சறையை விரிவாக்கினோம். தரையை இனி மனிதர்களே பெருக்கினார்கள்.

இதற்கு விலை கொடுத்தோம். ஆள்கள் துடைப்பமும் கையுமாக நின்றதால் அறுவடை மெதுவாயிற்று. எதிர்பாராத கடுங்குளிர் ஒன்று வந்து, அறுக்காமல் நின்ற நெற்பயிரில் பெரும்பகுதியைக் கருக்கிவிட்டது. அந்தப் பனிக்காலம் முழுவதும் களஞ்சியத்தில் இருந்த மக்காச்சோளத்தை அளந்து அளந்து உண்டார்கள். பட்டினியின் விளிம்பில் நின்றார்கள், எவரும் இறக்கவில்லை. வடக்கே இருந்த ஊர் எங்களைத் தாக்குவதை நிறுத்தவும் இல்லை. அறத்துக்கு உடனே பரிசு கிடைக்கும் என்று இவ்விளையாட்டு ஆசை காட்டுவதில்லை. அதனாலேயே அதன்மீது எனக்கு மதிப்பு உண்டாயிற்று. எங்கள் நஞ்சு எங்கள் சுவருக்குள்ளேயே, எங்கள் கணக்கிலேயே இருந்தது என்பதுதான் நாங்கள் பெற்ற ஒரே பலன்.

சேமிப்பும் கழிவும் இரு வேறு துறைகள் என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். ஒன்றுக்குப் பூட்டு, மற்றொன்றுக்கு வேலிக்கு வெளியே ஒரு வீச்சு. இன்று அவ்விரண்டும் ஒரே கேள்வியின் இரு முகங்களாகவே எனக்குத் தெரிகின்றன. சேமிப்பு என்பது நாளைய நமக்கு நாம் அனுப்பும் பொதி. கழிவு என்பதும் நாளைய ஒருவருக்கு நாம் அனுப்பும் பொதியே. அதைப் பெறுபவரின் பெயரை மட்டும் நாம் எழுதுவதில்லை. பெயர் எழுதாததால் அது எவருக்கும் போய்ச் சேராது என்று நம்புகிறோம். உலக வரைபடத்தில் 'அப்பால்' என்றொரு ஊர் எங்கேனும் குறிக்கப்பட்டிருக்கிறதா? நாம் எறியும் ஒவ்வொன்றும் பெயருள்ள ஓர் ஊரில், முகமுள்ள ஒருவரின் வாசலில்தான் விழுகிறது. அம்முகத்தை ஒரு கணம் கண்முன் நிறுத்திப் பார்த்த பின்னும் கை ஓங்குமா என்பதே நம் ஒவ்வொருவருக்கும் உரிய வினா.