கால்வாயைக் காசு கொடுத்து அழைத்த ஊர்

தெற்குப் பிரான்சில், துலூஸ் நகருக்கும் கார்கசோனுக்கும் இடையே, கோதுமை வயல்கள் சூழ்ந்த ஒரு மேட்டில் இருக்கிறது காஸ்தெல்நோதரி. மக்கள்தொகை ஏறக்குறைய 12,000. மேட்டின் மேல் சேன் மிஷேல் தேவாலயமும் ஒரு பழைய காற்றாலையும். மேட்டின் காலடியில் ஏழு ஹெக்டேர் பரப்பில் ஒரு பெரிய நீர்த்தேக்கம், அதன் கரையில் வரிசையாகக் கட்டிய படகுகள். கடல் இங்கிருந்து வெகு தொலைவு. ஆனாலும் இது துறைமுக ஊர்தான்.

துலூஸிலிருந்து மத்தியதரைக் கடலோரத் தோ காயல் வரை 240 கிலோமீட்டர் ஓடும் மிதி கால்வாய் இந்த ஊர் வழியாகப் போகிறது. வாடகைப் படகு எடுத்து அதில் பயணம் போகிறவர்களில் பெரும்பாலோர் இங்கே ஓர் இரவு தங்கி, இந்த ஊரின் புகழ்பெற்ற உணவான கசூலேயைச் சாப்பிட்டுவிட்டு மறுநாள் காலை கிளம்பிவிடுகிறார்கள். அது போதாது என்பது என் எண்ணம். இந்தக் கால்வாய் எப்படி உயிர்வாழ்கிறது என்பதைக் கண்ணால் பார்த்தே தெரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான இடம் வழியில் வேறில்லை.

கால்வாயை வெட்டியவர் பியேர்-போல் ரிக்கே. பொறியியல் படித்தவர் அல்லர். லாங்குதோக் பகுதியில் அரசனுக்காக உப்புவரி வசூலித்தவர். அட்லாண்டிக்கையும் மத்தியதரைக் கடலையும் இணைக்க வேண்டும் என்ற ஆசை அவருக்கு முன்பே பலருக்கும் இருந்தது. எல்லோரும் ஒரே இடத்தில் முட்டி நின்றார்கள். நடுவில் நொரூஸ் என்ற மேடு, கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய 190 மீட்டர் உயரம். அந்த உச்சியில் தண்ணீருக்கு எங்கே போவது?

படகை மேடு ஏற்றி இறக்கும் லாக் இயங்கும் விதத்தைப் பார்த்தால் அந்தக் கேள்வியின் கனம் புரியும். இரண்டு கதவுகளுக்கு நடுவே ஒரு கல் தொட்டி. இறங்க வேண்டிய படகு உள்ளே வந்ததும் மேல் கதவை அடைக்கிறார்கள். கீழ்க் கதவிலுள்ள மடையைத் திறந்தால் நீர் வடிகிறது, படகும் கூடவே இறங்குகிறது. இரு பக்கமும் நீர்மட்டம் ஒன்றானதும் கீழ்க் கதவு திறக்கும். ஒவ்வொரு முறையும் ஒரு தொட்டித் தண்ணீர் கீழே போய்விடும், திரும்பி வராது. நொரூஸிலிருந்து கால்வாய் இரு திசையிலும் இறங்குவதால், உச்சியில் இடைவிடாமல் நீர் வந்துகொண்டே இருந்தால்தான் படகு ஓடும்.

ரிக்கே கண்ட விடை வடக்கே இருந்த கறுப்பு மலை. அதன் ஓடைகளை வாய்க்கால் வெட்டித் திருப்பி நொரூஸுக்குக் கொண்டுவந்தார். கோடைக்கு நீர் சேமிக்க சேன்-ஃபெரியோல் என்ற இடத்தில் 1667இல் அணை கட்டத் தொடங்கினார். அந்த அணைக்குக் கூடையில் மண் சுமந்தவர்களில் பெண்கள் ஏராளம். கூலிக்காரர்களுக்கு மாதச் சம்பளம் வைத்து, மழை நாளுக்கும் நோய்வாய்ப்பட்ட நாளுக்கும் சேர்த்துக் கொடுத்தார் ரிக்கே. அந்தக் காலத்துக்கு அது பெரிய காரியம். 1680 அக்டோபரில் அவர் இறந்தார். கால்வாய் திறக்கப்பட்டது 1681 மே மாதம்.

முதலில் போட்ட வழியில் காஸ்தெல்நோதரி இல்லை. ஊரார் பணம் கொடுத்துக் கால்வாயைத் தங்கள் மேட்டடிக்கு வரவழைத்தார்கள். கார்கசோன் பணம் தர மறுத்தது. 1810 வரை கால்வாய் அந்த நகரத்தை ஒதுக்கிவிட்டே போனது. இரண்டு ஊர்களின் அந்த முடிவுகளை நினைத்தால் காஸ்தெல்நோதரியின் மேட்டடித் தேக்கத்தின் மேல் மரியாதை கூடுகிறது.

அது அழகுக்காக வெட்டியதல்ல. தேக்கம் முடியும் இடத்திலேயே சேன் ரோக் லாக் இருக்கிறது: அடுத்தடுத்து நான்கு தொட்டிகள், மொத்தம் ஒன்பது மீட்டருக்கு மேல் இறக்கம். அவற்றை நிரப்பத் தேவையான நீர் இந்தத் தேக்கத்தில்தான் காத்திருக்கிறது. சேர்ஸ் என்று இங்கே அழைக்கப்படும் மேல்காற்று திறந்த நீர்ப்பரப்பில் படகுகளை அலைக்கழிக்கும் என்பதால், நடுவில் ஒரு தீவில் மரம் வளர்த்துக் காற்றை மறித்திருக்கிறார்கள்.

சேன் ரோக்கில் ஒரு மணி நேரமாவது கரையில் நின்று பார்க்க வேண்டும். தொட்டிகளின் சுவர் நேராக இல்லாமல் வெளிப்பக்கம் வளைந்திருக்கும். ஆரம்பத்தில் நேராகக் கட்டிய ஒரு லாக்கின் சுவர் மண்ணின் அழுத்தம் தாங்காமல் சரிந்தது. அதன் பிறகே ரிக்கே முட்டை வடிவத்துக்கு மாறினார். வட்டக் கிணற்றின் சுவர் மண்ணைத் தாங்கி நிற்கிற அதே நியாயம்தான்.

லோரகே வட்டாரத்துக் கோதுமை இந்தத் துறையிலிருந்து கீழ்நாட்டுக்குப் போயிற்று, ஊர் செழித்தது. குதிரை இழுக்கும் தபால் படகில் பயணிகளும் வந்தார்கள். 1857இல் ரயில் வந்தது. மறு வருஷமே ரயில் கம்பெனி கால்வாயைக் குத்தகைக்கு எடுத்து 40 ஆண்டு வைத்திருந்தது. போட்டியாளன் கையில் சாவியைக் கொடுத்த கதை அது. கால்வாய் அதிலிருந்து முழுமையாக மீளவே இல்லை. இப்போது சரக்குப் படகு கிடையாது, உல்லாசப் படகுகள் மட்டுமே.

கசூலேயைப் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளை பீன்ஸ், வாத்துக்கறி, பன்றி இறைச்சி, சாசேஜ் எல்லாம் மண்சட்டியில் மணிக்கணக்காக அடுப்பில் வேகும். மேலே படியும் ஆடையை அவ்வப்போது உடைத்து உள்ளே அமுக்குவார்கள். நூறாண்டுப் போரில் முற்றுகைக்குள்ளான ஊரார், இருந்ததையெல்லாம் ஒரே சட்டியில் போட்டு ஆக்கியதாகக் கதை சொல்வார்கள். அந்த பீன்ஸ் அமெரிக்காவிலிருந்து வந்தது கொலம்பஸுக்குப் பிறகு. ஆகவே அன்றைய சட்டியில் வேறு பயறுதான் வெந்திருக்க முடியும். சட்டியின் ருசிக்கு இதனால் குறைவில்லை.

பயணிகளை வருத்தும் காட்சி ஒன்றும் உண்டு. கால்வாயின் இரு கரையிலும் 42,000 பிளேன் மரங்கள் நின்றன. 2006இல் ஒரு பூஞ்சை நோய் கண்டறியப்பட்டது. அதற்கு மருந்தில்லை, பட்ட மரத்தையும் அண்டை மரங்களையும் வெட்டி எரிப்பதே வழி. நிழல் மட்டும் போகவில்லை, கரையைப் பிடித்திருந்த வேர்களும் போயின. வேறு இன மரக்கன்றுகளை நட்டு வருகிறார்கள். அந்த வேலைக்குச் செலவாகும் ஒவ்வொரு யூரோவும் தகும்.

இங்கிருந்து கிழக்கே போகிறவர்கள் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். சேன் ரோக்கின் நான்கு தொட்டிகளைத் தாண்டினால் கே லாக்கில் இரண்டு, விவியேயில் மூன்று என, முதல் சில கிலோமீட்டரிலேயே ஒன்பது தொட்டிகள். மதியச் சாப்பாட்டுக்கு லாக்குகளை மூடிவிடுவார்கள். காலையில் திறந்தவுடன் முதல் படகாகக் கிளம்பினால்தான் உச்சி வெயிலுக்கு முன் விவியேயைக் கடக்கலாம்.