மாற்று மின்வாய்

பொன்னை உரைத்துப் பார்க்கும் கல்லில் பொன் கலந்திருத்தலாகாது. இச்சிறு உண்மையை, ஓர் ஏழை மீனவரின் மனத்தை நோகச் செய்த பின்னரே நாம் உணர்ந்தோம்.

கொழும்புப் பஞ்சிகாவத்தையிலே பழைய பொருட்களிடையே கிடந்த நிறமாலைகாட்டி ஒன்றை வாங்கி எமது பட்டறைக்குக் கொணர்ந்தோம். கலப்புலோகங்களை ஆராயும் கருவி அது. ஆராயவேண்டிய உலோகத்துக்கும் கருவியின் மின்வாய்க்கும் இடையே மின்வில் எரியும். அவ்வொளியை அரியம் வண்ணக் கோடுகளாகப் பிரித்துக் காட்டும். ஒவ்வொரு மூலகத்துக்கும் தனக்கே உரிய கோடுகள் உண்டு. இவ்வழியிற் பொருள்களைப் பகுத்தறியலாமென 1860இல் கிர்ச்சோவும் பன்சனும் விளக்கினர்.

கருவியோடு வந்த மின்வாய் தேய்ந்து பயனற்றிருந்தது. புதியதைத் தேடி அலுத்தோம். ஈற்றில், தீர்ந்துபோன டோர்ச் பற்றரியை உடைத்து, உள்ளிருந்த கரிக்கோலைக் கழுவிப் பொருத்தினோம். மின்வில் அழகாக எரிந்தது. எமது கெட்டித்தனத்தை நாமே மெச்சிக்கொண்டோம்.

மறுநாள் அயலூர் மீனவர் ஒருவர், தமது வள்ளத்தின் சுழல்விசிறிக்கென வாங்கிய துருப்பிடியா உருக்குத் தண்டைக் கொணர்ந்தார்.

"தம்பி, இது உப்புத் தண்ணீருக்குத் தாங்குமோ?"

பார்த்தோம். நீலப் பகுதியில், 475 முதல் 482 நனோமீற்றர் வரையில், மங்கனீசின் கோடுகள் பளிச்சிட்டன. நிக்கலைக் குறைத்து மங்கனீசை மிகுத்துச் செய்யும் மலிவான உருக்கு வகையொன்று உண்டு. கடல்நீரை அது நெடுங்காலம் தாங்காது.

"இதை நம்பிக் கடலுக்குப் போகவேண்டாம், அண்ணை" என்றோம்.

கடன்பட்டு வாங்கிய தண்டைத் தோளில் வைத்துக்கொண்டு, அவர் பேசாது திரும்பினார்.

அன்றிரவு எமக்கு உறக்கம் வரவில்லை. எழுந்து சென்று, செப்புக் கம்பித் துண்டொன்றைச் சோதித்தோம். அதிலும் அதே நீலக் கோடுகள்! அப்பொழுதே நினைவு வந்தது: பற்றரியில் அக்கரிக்கோலைச் சூழ்ந்திருப்பது மங்கனீசீரொட்சைட்டு அன்றோ? கழுவியும் அது கரியின் நுண்துளைகளை விட்டு நீங்கவில்லை. நாம் கண்ட மங்கனீசு தண்டினது அன்று, எமது மின்வாயினது.

மாற்று மின்வாயும் எமது கையிலேயே இருந்தது. தூய செம்பின் கோடுகள் சில. அவற்றை எளிதில் இனங்கண்டு ஒதுக்கிவிடலாம். விடிந்ததும் மீனவரின் வீடு சென்று, எமது பிழையைச் சொல்லி, தண்டுடன் அவரை அழைத்துவந்தோம். செப்புக் கம்பியை மின்வாயாக்கிப் பார்த்தபோது, எவ்வுருக்கிலும் சிறிதளவு காணப்படும் மங்கனீசே மங்கலாகத் தெரிந்தது. 553, 557 நனோமீற்றரிலோ மொலிப்டினத்தின் பச்சைக் கோடுகள் நின்றன. கடலுப்பின் அரிப்பை எதிர்க்கும் நல்ல வகை உருக்கின் அடையாளம் அது.

"யந்திரமும் பிழை சொல்லுமோ, தம்பி?" என்று அவர் நகைத்தார்.

"யந்திரம் சொல்லவில்லை, அண்ணை. நாங்கள்தான் பிழையாகச் சொன்னோம்" என்றோம்.

பித்தளையை ஆராய வருவோருக்குச் செப்பு மின்வாய் உதவாது. அதற்கென இரும்புக் கோல் ஒன்றை வைத்திருக்கிறோம். எக்கோலாயினும், பிறர் பொருளைத் தொடுமுன் அதனை முதலிற் சோதித்துக்கொள்வது இன்று எமது வழக்கமாகிவிட்டது.