நூற்றெண்பது நாள் விண்டோஸ்

பில் என்று அந்தப் பெண் நீட்டியது பில் அல்ல, ‘எஸ்டிமேட்’ என்று தலைப்பில் அச்சிட்ட துண்டுச் சீட்டு. ‘கம்ப்யூட்டர் செட் – 1’ என்று ஒரு வரி, எதிரே தொகை, அடியில் ஒரு கிறுக்கல். ஜிஎஸ்டி எண் கிடையாது. கம்ப்யூட்டருக்குள் என்ன போட்டுக் கொடுத்தார்கள் என்பதற்கு ஒரு எழுத்தும் கிடையாது. எங்கள் பக்கத்தில் நூல் மூட்டையும் பனியன் துணியும் இ-வே பில் இல்லாமல் நகராது. அதே ஊர்க்காரர்கள் வீட்டுக்கு ஒரு பொருள் வாங்கினால் எஸ்டிமேட் சீட்டை மடித்துப் பீரோவில் வைத்துக்கொள்வார்கள். வரி மிச்சம் என்று கடைக்காரர் சொல்லியிருப்பார்.

அவருக்கு வீடு அவிநாசிபாளையத்தில், கோவை–திருச்சி சாலையும் திருப்பூர்–தாராபுரம் சாலையும் வெட்டிக்கொள்ளும் இடத்திலிருந்து கொஞ்சம் உள்ளே. கணவர் விசைத்தறி ஓட்டுகிறார். இவர் எம்ப்ராய்டரிக்குப் பஞ்சிங் போடுகிறவர். டி-ஷர்ட்டின் நெஞ்சில் வரும் சின்னத்தைத் திரையில் வைத்து, ஊசி எங்கே தொடங்கி எந்தக் கோணத்தில் போய் எங்கே நூலை வெட்ட வேண்டும் என்று தையல் தையலாக வரைந்து கோப்பாக்கித் தருவது பஞ்சிங். அந்தக் கோப்பை பென்டிரைவில் கொண்டுபோய்ப் பல தலை எம்ப்ராய்டரி மிஷினில் ஏற்றுவார்கள். கூலி தையல் எண்ணிக்கைக்கு ஏற்ப. 2021 கடைசியில், கொரோனா இரண்டாம் அலை ஓய்ந்து ஆர்டர்கள் திரும்பியபோது, இந்த வேலைக்கென்று நகைக்கடன் எடுத்து வாங்கிய கம்ப்யூட்டர் அது.

அரை வருஷம் ஒழுங்காக ஓடியது. பிறகு, உங்கள் விண்டோஸ் உரிமம் விரைவில் காலாவதியாகும் என்று ஒரு பெட்டி எட்டிப் பார்த்தது. மூடினால் மறுபடி வரும். அதையும் மூடிக்கொண்டே இருந்தால் ஒருநாள் திரையின் வலது கீழ் மூலையில் ‘விண்டோஸை ஆக்டிவேட் செய்யவும்’ என்ற சாம்பல் எழுத்து வந்து உட்கார்ந்துகொள்ளும். கடைக்குச் சொன்னால் ஒரு பையன் வந்து ஏதோ ஓட்டிவிட்டுப் போவான். திரை சுத்தமாகும். அடுத்த அரை வருஷத்தில் மறுபடி அதே பெட்டி. இரண்டாம் முறை பையன் நேரில்கூட வரவில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு கோப்பை அனுப்பி, “அக்கா, ஆன்டிவைரஸை ஆஃப் பண்ணிட்டு இதை ஓட்டுங்க” என்று குரல்பதிவு போட்டிருந்தான். வழக்கில் எங்களுக்குக் கிடைத்த நல்ல சாட்சி அந்தக் குரல்தான்.

2023-ல் மூன்றாம் முறையாகப் பெட்டி வந்தபோது அவர் வக்கீலான என்னிடம் வந்தார். வந்ததும் கேட்ட கேள்வி நஷ்டஈடு பற்றியதல்ல.

“ஏனுங்க சார், இதுக்குப் போலீசு வருமாங்க?”

சும்மா வந்த பயமில்லை. திருட்டு சாஃப்ட்வேர் வைத்திருந்த கம்பெனிகளில் சோதனை நடந்த கதை திருப்பூரில் எல்லோருக்கும் தெரியும்.

ஆக்டிவேஷன் கேட்கும் திரையெல்லாம் மோசடிக்கு அடையாளம் அல்ல. மதர்போர்டை மாற்றினால் விண்டோஸ் 10 தன்னைப் புதிய கம்ப்யூட்டர் என்று நினைத்துக்கொள்ளும். மைக்ரோசாப்ட் கணக்கோடு முன்பே இணைத்திருந்தால் டிரபிள்ஷூட்டர் வழியாக உரிமத்தைத் திரும்பப் பெறலாம். ஹோம் பதிப்புக்கு உரிமம் வாங்கிவிட்டு ப்ரோ நிறுவியிருந்தாலும் கேட்கும். தப்பு மைக்ரோசாப்ட் பக்கமும் நடப்பதுண்டு. 2018 நவம்பரில் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வர் கோளாறில், காசு கொடுத்து வாங்கியவர்களின் ப்ரோ பதிப்புகளே உரிமம் இல்லாதவையாகக் காட்டின. அதனால் நோட்டீஸ் அனுப்புமுன் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கும் நண்பரை அவர் வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

நண்பர் கறுப்புத் திரையில் ‘எஸ்.எல்.எம்.ஜி.ஆர்’ என்று தொடங்கும் ஒரு கட்டளையைத் தட்டினார். வந்த பெட்டியில் உரிமத்தின் வகை ‘வால்யூம் கே.எம்.எஸ். கிளையண்ட்’ என்று இருந்தது. வீட்டுக்கு விற்கிற சரக்கே அல்ல அது. பெரிய அலுவலகங்கள் மொத்தமாக வாங்கும் உரிமம். அங்கே ஒரு சர்வர் இருக்கும். குறைந்தது 25 கம்ப்யூட்டர்கள் அதைத் தேடி வந்தால்தான் ஆக்டிவேஷன் கொடுக்கத் தொடங்கும். ஒருமுறை கொடுத்தால் 180 நாள் செல்லும். திரையில் அது நிமிடக் கணக்கில் தெரியும், 259200 என்று. கம்ப்யூட்டர் ஏழு நாளுக்கொரு முறை சர்வரிடம் போய்ப் புதுப்பித்துக்கொள்ளும். பனியன் கம்பெனி கேன்டீன் அட்டை மாதிரி: கம்பெனிக்குள் இருக்கும்வரை சோறு, வெளியே கொண்டுவந்தால் வெறும் அட்டை. பையன் ஓட்டியது, வீட்டுக்குள்ளேயே அப்படியொரு சர்வர் இருப்பதாகக் கம்ப்யூட்டரை நம்பவைக்கும் புரோகிராம். அதனால்தான் 180 நாள் தவணை தப்பாமல் பெட்டி வந்தது. அதை ஓட்ட ஆன்டிவைரஸை அணைத்ததில் வைரஸ் புகுந்து, பென்டிரைவ் வழியாக எம்ப்ராய்டரி யூனிட் வரை போய், அவர்கள் இவருக்கு வேலை கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள்.

சட்டத்தில் சிக்கல் இருந்தது இங்கேதான். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டுமானால் அவர் நுகர்வோராக இருக்க வேண்டும். வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்ல. ஆனால் சுயதொழிலால் பிழைப்பு நடத்த மட்டுமே வாங்கிப் பயன்படுத்தினால் அது வணிக நோக்கமாகாது என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(7) பிரிவுக்கு விளக்கம் உண்டு. ஆகவே இது பிழைப்புக்கான கம்ப்யூட்டர் என்று நாம் அடித்துச் சொல்ல வேண்டும். சொன்ன மாத்திரத்தில் மறுபக்கம் ஒரு கதவு மூடும். காப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி, திருட்டு நகல் என்று தெரிந்தே கம்ப்யூட்டரில் பயன்படுத்தினால் குறைந்தது 7 நாள், அதிகபட்சம் 3 ஆண்டு சிறை. 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். ஆதாயத்துக்காகவோ தொழிலிலோ பயன்படுத்தவில்லை என்றால் சிறையை விட்டுவிட்டு 50,000 வரை அபராதத்தோடு நிறுத்தலாம் என்று ஒரு சலுகை இருக்கிறது. பிழைப்புக்கு என்று நாமே எழுதிக் கொடுத்தால் அந்தச் சலுகை போயிற்று. ஒரு சட்டத்தில் நம்மைக் காப்பாற்றும் வாக்கியம் இன்னொரு சட்டத்தில் நம்மைக் காட்டிக்கொடுக்கும்.

மிச்சமிருந்தது ‘தெரிந்தே’ என்ற சொல். நேற்றுவரை அவருக்குத் தெரியாது. நண்பர் கட்டளையைத் தட்டி விளக்கிய நிமிடத்திலிருந்து தெரியும். எனவே அவருக்கு நான் சொன்ன முதல் யோசனை, வழக்குப் போடுமுன் விண்டோஸ் உரிமத்தை ஒழுங்கான பில்லோடு வாங்கிப் போட்டுவிடுங்கள் என்பது.

“ஒரே பொருளுக்கு ரெண்டு தடவை காசு குடுக்கறதுங்களா?” கோபம் வந்துவிட்டது அவருக்கு.

“அம்மிணி, இனி இதுல ஒரு நாள் வேலை செஞ்சாலும் தெரிஞ்சு செஞ்சதா ஆயிரும். புது உரிமத்தோட பில்தான் உங்க நஷ்டத்துக்கு ரசீது.”

கணவர் தலையசைத்த பிறகுதான் சம்மதித்தார். புதியதைப் போட்டால் பழைய திரை அழிந்துபோகும். ஆகவே முதலில் படம் எடுத்து, கட்டளையின் விடையை அச்செடுத்து, அன்று நடப்பிலிருந்த சாட்சியச் சட்டம் 65பி சான்றிதழ் இணைத்து, நண்பரிடம் வாக்குமூலமும் வாங்கி வைத்தோம். அதன்பின்தான் ஹார்டுடிஸ்க்கைத் துடைத்துப் புதிதாக நிறுவியது. இன்னொன்றையும் முன்பே கேட்டுக்கொண்டேன்: பஞ்சிங் சாஃப்ட்வேருக்கு உரிமத்தைக் காட்டும் டாங்கிள் இருக்கிறதா? இருந்தது, தவணையில் வாங்கியது, பில்லோடு. இல்லையென்றால் இந்த வழக்கை எடுத்திருக்க மாட்டேன்.

பூட்டை உடைக்கும் புரோகிராமை அனுப்பியது காப்புரிமைச் சட்டத்தின் 65ஏ பிரிவில் வரக்கூடும். இரண்டு ஆண்டுவரை சிறை. நோட்டீஸில் அதை எழுதவில்லை. குற்ற வழக்கைக் காட்டிப் பணம் கேட்பது வக்கீலுக்கு அழகல்ல. மைக்ரோசாப்ட் நிறுவனத்தையும் எதிர்தரப்பாகச் சேர்க்கவில்லை. உரிமம் இல்லாத பிரதியைப் பார்த்து உரிமம் இல்லை என்று சொன்ன திரைமேல் என்ன குற்றம்?

வாங்கி இரண்டாண்டு முடியுமுன் திருப்பூர் மாவட்ட ஆணையத்தில் முறையீடு பதிவாயிற்று. பொருளின் மதிப்பு ஐந்து லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. கடைக்காரர் தரப்பு மூன்று பதில் சொன்னது. ஒன்று, நாங்கள் விண்டோஸே விற்கவில்லை, சீட்டைப் பாருங்கள். இரண்டு, முறையீட்டாளர் எஸ்எம்பிஎஸ் மாற்றினார், அதனால்தான் ஆக்டிவேஷன் போயிற்று. மூன்று, இவர் நுகர்வோரே அல்ல.

முதல் பதிலுக்கு, விற்குமுன் வாட்ஸ்அப்பில் அவர்களே அனுப்பிய விலைப்பட்டியல் இருந்தது. அதில் ‘விண்டோஸ் 10 ப்ரோ’ என்று தனி வரி. உரிய பில் தராததே நேர்மையற்ற வணிக நடைமுறை என்று 2(47) பிரிவு சொல்வதால், அவர்கள் காட்டிய சீட்டு அவர்களுக்கே எதிராகத் திரும்பியது. இரண்டாவதற்கு நண்பரின் வாக்குமூலம் போதும். எஸ்எம்பிஎஸ் மின்சாரம் கொடுக்கும் பெட்டி. அதை மாற்றியதால் உரிமம் போகாது. போனாலும் அலுவலக உரிமமாக மாறாது.

மூன்றாவதில்தான் வாதம் நீண்டது. எதிர்தரப்பு வக்கீல் எடுத்து வைத்தது 1995-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன லக்ஷ்மி இன்ஜினியரிங் வொர்க்ஸ் தீர்ப்பு. அதில் எதிரே இருந்தது நம் கோவையின் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட். மிஷின் வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று தோற்ற வழக்கு அது. அடுத்தவர் வேலையைக் கூலிக்கு டைப் அடிக்க டைப்ரைட்டர் வாங்கினால் அது வணிக நோக்கம் என்று அதிலேயே ஓர் உதாரணம் வரும். அவர் அந்த இடத்தை வாசித்துவிட்டு உட்கார்ந்துவிட்டார். நான் அடுத்த பக்கத்தை வாசித்தேன்: தானே ஓட்டிப் பிழைக்க ஆட்டோ வாங்குபவர், தானே ஓட்ட லேத் வாங்குபவர், துணைக்கு ஓரிருவர் இருந்தாலும் நுகர்வோர்தான். பஞ்சிங் போடும் பெண்ணுக்குத் துணைக்கு யாருமே இல்லை. மகள் பள்ளி விட்டு வந்து பென்டிரைவைக் கொண்டுபோய்க் கொடுப்பாள், அவ்வளவுதான். உறுப்பினர் ஒருவர் பஞ்சிங் என்றால் என்ன என்று கேட்க, முறையீட்டாளரே எழுந்து தன் சேலை முந்தானையில் இருந்த பூவேலையைக் காட்டி விளக்கினார். எனக்கு அந்த வாதம் வந்திருக்காது.

கம்ப்யூட்டர் கூட்டி விற்பவர் உரிமமில்லாத சாஃப்ட்வேரை ஹார்டுடிஸ்க்கில் ஏற்றிக் கொடுத்தால் பொறுப்பு யாருக்கு என்பதற்கு, 2005-ல் மைக்ரோசாப்ட் தொடுத்த வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் ஒரு விற்பனையாளரை 19.75 லட்சம் நஷ்டஈடு கட்டச் சொன்னதைக் காட்டினேன். அது காப்புரிமை வழக்கு, இது நுகர்வோர் முறையீடு என்று எதிர்தரப்பு ஆட்சேபித்தது சரியான ஆட்சேபம். ஆனால் வாங்கியவரை விட்டு ஏற்றிக் கொடுத்தவரைத் தேடிப் போன வழக்கு அது என்பதுவரை ஆணையம் குறித்துக்கொண்டது.

பரிசோதனை தேவையில்லாத முறையீட்டை மூன்று மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். வாய்தாக்கள் வேறு கணக்கில் ஓடின. கடைசியில் வந்த உத்தரவு, சேவைக் குறைபாடும் நேர்மையற்ற வணிக நடைமுறையும் நிரூபணமாயின என்றது. புதிய உரிமத்தின் விலை, மன உளைச்சலுக்கு ஒரு தொகை, செலவுத் தொகை. வேலை இழப்புக்குக் கேட்டது கிடைக்கவில்லை. யூனிட் மேலாளரின் வாட்ஸ்அப் செய்தி இருந்தது. ஆனால் அதற்கு முன் மாதம் எவ்வளவு கூலி வந்தது என்பதற்கு அவரிடம் கணக்கே இல்லை, எல்லாம் ரொக்கம். கடைக்காரர் மேல்முறையீட்டுக்கான 45 நாளும் பேசாமல் இருந்துவிட்டு, நிறைவேற்று மனு தயாராகிறது என்று தெரிந்ததும் காசோலை கொடுத்தார்.

எதிர்தரப்பு எழுப்பிய ஒரு கேள்விக்கு மட்டும் உத்தரவில் விடை இல்லை. வெறும் 25 எழுத்துச் சாவியை வாட்ஸ்அப்பில் விற்றால் அது பொருளா, சேவையா? டப்பாவில் அடைத்து விற்கும் சாஃப்ட்வேர் சரக்குதான் என்று 2004-ல் டாட்டா கன்சல்டன்சி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது விற்பனை வரிக்காக. இங்கே கம்ப்யூட்டரோடு சேர்த்து விற்றதால் அதற்குள் போக வேண்டியதில்லை என்று ஆணையம் விட்டுவிட்டது. சாவியை மட்டும் சில நூறு ரூபாய்க்கு வாங்கிவிட்டு என்னிடம் வருகிறவர்கள் இப்போது உண்டு. அவர்களில் ஒருவரின் முறையீட்டில் இரண்டையும் மாற்று வாதமாகவே எழுதியிருக்கிறேன்.