மிச்சம்

‘ரிடன்டன்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லை வேலையிடத்தில் ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது சொல்லிவிடுவேன். எங்கள் தொழிலில் அது பாராட்டு. ஜொகூரில் ஒரு தரவு மையத்தின் குளிரூட்டும் பிரிவில் இருக்கிறேன். நாலு சில்லர் போதும் என்றால் ஐந்து வைப்போம். அந்த ஐந்தாவதுதான் ரிடன்டன்ட். சும்மாதான் நிற்கும், ஆனால் அதை வித்துடலாம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். போயிங் 747 விமானத்தில் ஹைட்ராலிக் அமைப்புகள் நான்கு. நாசாவின் விண்ணோடத்தில் பறப்பைக் கட்டுப்படுத்தக் கணினிகள் ஐந்து இருந்தன. ஐந்தாவதில் மட்டும் வேறு குழு எழுதிய மென்பொருள். ஒரே பிழை ஐந்தையும் சாய்த்துவிடக் கூடாது அல்லவா?

மொழிக்குள் வந்தால் இதே சொல் குற்றச்சாட்டு. ‘ஏடிஎம் மெஷின்’ என்கிறோம். ‘எம்’ என்றாலே மெஷின்தான். ‘நடு சென்டர்’ என்பதும் அப்படியே.

லத்தீனில் இதன் வேர் கரை மீறி வழிவதைக் குறிக்கும். உள்ளே ஓர் அலை இருக்கிறது. ‘சூப்பர்ஃப்ளூவஸ்’ என்பதன் வேரும் வழிதல்தான். ஆனால் அதில் ‘வேண்டாதது’ என்ற முகச்சுளிப்பு உண்டு. ‘ஸ்பேர்’ என்றால் எடுத்து வைத்தது. அளவு ஒன்றுதான், சொல்பவரின் மனசுதான் வேறு.

பினாங்கில் ஒரு தொழிற்சாலையில் அப்பா 22 வருடம் டெக்னீஷியன். அவருக்கு வந்த கடிதத்திலும் இந்தச் சொல் இருந்தது. “இதுக்குத் தமிழ்ல என்னடா?” என்று கேட்டார். ‘தேவையற்ற’ என்று சொல்ல வாய் வரவில்லை. “உபரி, மிகை... அந்த மாதிரிப்பா” என்றேன்.

“மிச்சம்னு சொல்லு” என்றார்.

நம் சட்டத்தின் கணக்கில் மிகையாவது பதவிதான், ஆள் இல்லை. 1980ஆம் ஆண்டின் விதிமுறைப்படி, ஐந்து வருடத்துக்கு மேல் வேலை செய்தவருக்கு வருடத்துக்கு 20 நாள் சம்பளம் இழப்பீடு. ஆனால் ஆங்கிலப் பேச்சில் இந்த உரிச்சொல் பதவியை விட்டு ஆள் மேல் ஏறிக்கொள்கிறது: ‘அவரை ரிடன்டன்ட் ஆக்கிட்டாங்க.’

‘தேவைக்கு மேல்’ என்றுதான் எல்லா அகராதியும் சொல்லும். எந்த நாளின் தேவை? சில்லரைக் கணக்குப் போடும்போது எல்லாம் கெட்டுப்போகும் நாளை நினைக்கிறோம். ஆளைக் கணக்குப் போடும்போது, எல்லாம் ஒழுங்காக ஓடும் நாளை. அப்பா சொன்ன ‘மிச்சம்’ தமிழில் இரண்டுக்கும் பொருந்துகிறது. சட்டியில் மீந்த சோறும் மிச்சம்தான், அம்மா மிச்சம் பிடித்த காசும் மிச்சம்தான்.

இரண்டு மாதம் கழித்து அப்பாவின் பழைய சூப்பர்வைசர் போன் செய்தார். பழைய மெஷின் ஒன்று நின்றுவிட்டதாம், யாருக்கும் பிடிபடவில்லையாம். சத்தம் எப்படி வருகிறது என்று அப்பா கேட்டார். பிறகு இருபது நிமிடம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார்.